ஆண் மீன் மட்டும் விட்டால் குளம் தப்புமா?

கேள்வி: சாமளாபுரம் குளத்துக்குப் பக்கத்தில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறோம். 'மரபணு மாற்றிய ஆண் ஜிலேபிக் குஞ்சு. மழையில் தப்பிக் குளத்துக்குப் போனாலும் பெருகாது' என்று ஒருவர் விற்கிறார். ஆஸ்திரேலியாவில் அயல் மீனை ஒழிக்க இதே முறையாமே? வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். வளர்ப்புக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்ற மீன் இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. விற்பவர் சொல்வது பெரும்பாலும் 'கிஃப்ட்' திலாப்பியாவாக இருக்கும். நல்ல காளையைத் தேர்ந்து இனம் சேர்ப்பதுபோல, நன்றாக வளரும் மீன்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம் அது. குஞ்சுகளை ஆணாக்குவதும் பொதுவாகத் தீவனத்தில் ஹார்மோன் கலந்துதான். அதில் ஒன்றிரண்டு பெண் தப்பிவிடும். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே காக்கும் மீன் இது. வாய் நிறையக் குஞ்சோடு ஒரு தாய் வெளியேறினால் போதும்.

சரி, அத்தனையும் ஆண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் குளம் தப்பாது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பழைய ஜிலேபி, தமிழ்நாட்டுக் குளம் குட்டைகளில் எப்போதோ குடியேறிவிட்டது. அதன் பெண்ணோடு கிஃப்ட் ஆண் இணையும், கலப்புக் குஞ்சும் பிறக்கும். கரையோரம் குழி பறித்துக் கூட்டமாகப் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். குளத்து உபரிநீர் நொய்யலுக்கு, அங்கிருந்து காவிரிக்கு.

ஆஸ்திரேலியக் கதை வேறு. முர்ரே–டார்லிங் ஆறுகளைக் கெடுத்த கெண்டையை ஒழிக்க, ஆண் வாரிசு மட்டுமே பிறக்கும்படி மரபணுவை மாற்றும் ஆய்வை அந்நாட்டு அரசின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனம் செய்தது. வருஷா வருஷம் அந்த மீனை விட்டு, பல பத்தாண்டுகள் காத்திருந்தால்தான் பலன். அந்த மீன் இன்றுவரை ஆற்றில் விடப்படவில்லை. விட்ட மரபணுவைத் திரும்பப் பிடிக்க வலை கிடையாது; தயக்கம் நியாயமானதே.

குட்டைக்குக் கட்லா, ரோகு, மிர்கால் போதும். அவையும் வடக்கத்தி மீன்கள்தான். ஆனால் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடாது. திலாப்பியாதான் வேண்டுமென்றால் மீன்வளத்துறை அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் பண்ணையில் குஞ்சு வாங்குங்கள். குட்டையின் உபரிநீர் வாயில் சன்னக்கண் வலையை ஐப்பசி மழைக்கு முன்பே கட்டிவிடுங்கள்.