சர்க்காரும் பதில் சொல்ல வேண்டும்

பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி மோதினால் நஷ்டஈடு கேட்கிறோம். சர்க்கார் வண்டி மோதினால் கேட்க முடியுமா?

முடியும். மாநில அரசின் மீது வழக்குப் போடலாம் என்று அரசியல் சட்டத்தின் 300-வது பிரிவு கூறுகிறது. ஆனால், எந்தத் தவறுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்று அது விளக்கவில்லை. தொல்லை இங்கேதான் பிறக்கிறது.

இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

1952-ம் ஆண்டு ராஜஸ்தானில், பழுது பார்த்துத் திரும்பிய சர்க்கார் ஜீப், நடந்து சென்ற ஒருவர் மீது மோதியது. அவர் இறந்து போனார். மனைவியும் மகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். டிரைவரின் தவறுக்கு அரசே பொறுப்பு என்று 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 15 ஆயிரம் ரூபாய்.

1947-ல் மீரட் போலீசார், சந்தேகத்தின் பேரில் ஒரு வியாபாரியிடம் 103 தோலாவுக்கு மேல் தங்கத்தைக் கைப்பற்றினார்கள். ஏட்டு அதைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். தங்கம் போனது போனதுதான்! பொருளைக் கைப்பற்றுவது ஆட்சி அதிகாரம். அதில் நேர்ந்த தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்று 1964-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. இதற்குத் தனிச் சட்டம் தேவை என்று நீதிபதிகளே வற்புறுத்தினார்கள்.

பின்னர் கோர்ட்டுகள் இரக்கம் காட்டின. ஒரிசாவில் போலீஸ் காவலில் இருந்தபோது மகனைப் பறிகொடுத்த தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதிகாரிகள் கைப்பற்றி வைத்த உரம் கெட்டுப் போனதற்கு ஆந்திர அரசு பொறுப்பு என்று 1994-ல் தீர்ப்பு வந்தது.

வழக்குப் போடுமுன் ஒன்றை மறவாதீர்கள். மாநில அரசின் செயலாளருக்கோ மாவட்ட கலெக்டருக்கோ எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும். பெயர், முகவரி, நடந்தது என்ன, கேட்பது என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். பிறகு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். மிக அவசரமானால் கோர்ட்டின் அனுமதி பெற்று உடனே வழக்குப் போடலாம்.

தெளிவான சட்டம் வேண்டும் என்று 1956-லேயே சட்டக் கமிஷன் சொன்னது. 1965-லும் 1967-லும் மசோதாக்கள் வந்தன. இரண்டும் நிறைவேறவில்லை. முழுமையான சட்டம் இன்னும் இல்லை.

தீர்ப்புக்குத் தீர்ப்பு நியாயம் மாறினால் ஏழை எதை நம்புவான்? கன்றுக்குட்டிக்காக மகனையே தண்டித்த மனுநீதிச் சோழனைப் புகழ்கிறோம். புகழ்ந்தால் போதாது; ஆராய்ச்சி மணியின் கயிறு ஏழைக்கும் எட்ட வேண்டும். அதற்குச் சட்டம் செய்வது ஆள்வோர் கடமை.