சென்னையில் இருந்து 300 கி.மீ... தருமபுரி வருவதற்குள் இணைய சிக்னல் என்ன ஆகும்?

தருமபுரி மாவட்டத்தின் 251 ஊராட்சிகளும் ‘பாரத்நெட்’ இரண்டாம் கட்டத் திட்டத்தில் வருகின்றன. தமிழ்நாடு முழுக்க 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் கொண்டுசெல்லும் வேலையைச் செய்வது மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம். ‘சித்தேரி மலைக்கெல்லாம் கேபிள் வந்தாலும், இவ்வளவு தூரத்துக்கு ஸ்பீடு வருமா?’ என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஃபைபரில் போவது ஒளி. சுமார் 15 கி.மீ. போனாலே அதன் பலம் பாதியாகிவிடும். அதனால் ஏறக்குறைய 80 கி.மீ.க்கு ஒரு இடத்தில் ஆம்ப்ளிஃபையர் வைத்து பலம் ஏற்றுகிறார்கள். இது சுலபமான பகுதி.

சிக்கல் சிதைவில்தான். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போக ஒரே நேரத்தில் கிளம்பும் பத்து பைக்குகளை நினைத்துப் பாருங்கள். பென்னாகரம் தாண்டுவதற்குள் முன்னே பின்னே ஆகிவிடும். பின்னால் கிளம்பிய கூட்டமும் அதோடு கலந்துவிடும். ஒளியின் வெவ்வேறு அலைநீளங்களும் ஃபைபருக்குள் வெவ்வேறு வேகத்தில் போகின்றன. 10 ஜிபிபிஎஸ் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 100 பிகோசெகண்ட், அதாவது ஒரு செகண்டில் லட்சம் கோடியில் 100 பங்கு. சாதாரண ஃபைபரில் 300 கி.மீ. போனால் அது சுமார் 500 பிகோசெகண்டுக்குப் பரவிவிடும். ஒரு பிட் ஐந்து பிட் இடத்தை அடைத்தால் எதைப் படிப்பது? ஆம்ப்ளிஃபையர் வைத்தாலும் இந்தக் குழப்பமும் சேர்ந்துதான் பெரிதாகும்.

முன்பு இதற்கு, எதிர்த்தன்மை கொண்ட தனி ஃபைபரை ஸ்டேஷனில் சுருளாக வைத்தார்கள். 80 கி.மீ. பாதைக்கு சுமார் 15 கி.மீ. சுருள். பின்தங்கிய அலைநீளம் அதில் முந்திக்கொள்ளும். ஆனால் சுருளே ஒளியைத் தின்றதால் கூடுதல் ஆம்ப்ளிஃபையர் தேவைப்பட்டது.

2010-ஐ ஒட்டி நிலைமை மாறியது. புதிய ரிசீவர்கள் வெளிச்சத்தை மட்டுமல்ல, ஒளி அலையின் கட்டத்தையும் அளக்கின்றன. அதை வைத்து ஒரு சிப் கணக்குப் போட்டே சிதைவைத் திருப்பிவிடுகிறது. 2020 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்பட்ட சென்னை–போர்ட் பிளேர் கடலடி கேபிள் சுமார் 2,300 கி.மீ. அதோடு ஒப்பிட்டால் தருமபுரி பக்கத்து வீடு.

சிப்புக்கும் எல்லை உண்டு. ஒளியின் பலத்தை ரொம்பக் கூட்டினால் கண்ணாடியின் தன்மையே மாறி, வேறு வகை சிதைவு வரும். அதை முழுசாகச் சரிசெய்ய முடிவதில்லை.

ஒன்றியத்தில் இருந்து ஊராட்சிக்கு வரும் கடைசி கேபிளில் இந்தச் சிதைவு ஒரு பொருட்டே இல்லை. அங்கே தொல்லை ஜேசிபி தோண்டுவதும், மின்கம்பத்துக் கேபிளில் லாரி மாட்டுவதும், கரண்ட் கட்டும்தான். நெட் நின்றால் மோடத்தைப் பாருங்கள். ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால், போதுமான ஒளி வரவில்லை என்று அர்த்தம். புகார் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.