மணிமுடி வீழ்ந்தது, ஆண்டை வீழவில்லை!

பாஸ்டன் துறைமுகம்; 1773-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் இரவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் 342, ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் விழுந்தன. எம்மைக் கேளாமல் எம்மீது வரியா என்று சீறி எழுந்த மக்களின் கைவண்ணம் அது! வகுப்பறையில் இந்தக் கதையை நாம் சொல்லத் தொடங்கியதும் மாணவர் விழிகளில் ஒளி பிறக்கிறது. பிறக்கட்டும். வல்லரசின் முன் வளையாது நின்ற எவருடைய கதைக்கும் அந்த ஒளி உரியதே. ஆனால் தேயிலை, வரி, துப்பாக்கி, வெற்றி என்ற நான்கு சொற்களோடு பாடம் முடிந்துவிடுகிறது. விடுதலை வந்தது என்கிறோம். யாருக்கு வந்தது என்று கேட்க மறந்துவிடுகிறோம். இன்று கேட்போம்!

போர் மூண்ட காரணம் நாம் அறியாததன்று. 1763-இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனுக்கு நிலம் பெருகிற்று, கடனும் பெருகிற்று. அந்தச் சுமையில் ஒரு பங்கை அமெரிக்கக் குடியேற்றங்களின் முதுகில் ஏற்ற முனைந்தது இலண்டன் பாராளுமன்றம். அந்த மன்றத்தில் குடியேறிகளுக்கென ஓர் உறுப்பினர்கூட இல்லை! 1765-இல் முத்திரை வரி வந்தது. எதிர்ப்புக்கு அஞ்சி மறு ஆண்டே போயிற்று. 1767-இல் வேறு வடிவில் மீண்டும் வரிகள் வந்தன. தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக 1774-இல் பாஸ்டன் துறைமுகமே மூடப்பட்டது. 1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது.

வெடித்த பிறகும் என்ன நிலை? குறை மந்திரிகளிடம்தான், மன்னர் நல்லவர் என்று நம்பினோர் பலர்! அந்த மயக்கத்தைத் தெளிவித்தது பீரங்கியன்று, பேனா. 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் ‘காமன் சென்ஸ்’ எனும் சிறு நூலை வெளியிட்டார். அரண்மனைத் தொட்டிலில் பிறந்த ஒரே காரணத்தால் ஒருவன் மற்றவரை ஆளலாமா என்பதே அதில் அவர் தொடுத்த கேள்வி. பரம்பரை பேசியவர்களிடம் விடை இல்லை. ஆறே திங்களில், ஜூலை 4-இல், விடுதலைப் பிரகடனம் பிறந்தது. எல்லா மனிதரும் சமம் என்றது அது. என்னே அந்த முழக்கம்!

ஆனால், தோழர்களே, முழக்கத்தைத் தீட்டிய கை யாருடையது? தாமஸ் ஜெபர்சனுடையது. தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர் அவர்! அன்று பதின்மூன்று குடியேற்றங்களிலும் வாழ்ந்தோர் சுமார் 25 இலட்சம். அவர்களில் ஐந்தில் ஒருவர் அடிமை. அடிமை வாணிபத்துக்காக மன்னனைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பகுதியைக்கூடக் காங்கிரஸ் அடித்துவிட்டது. பிறப்பால் மன்னன் என்ற பொய்யைக் கிழித்தவர்கள், பிறப்பால் அடிமை என்ற பொய்யைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காத்தார்கள்!

ஜார்ஜ் வாஷிங்டன் பெயரைக் கேளாதார் இல்லை. ஹாரி வாஷிங்டன் பெயரைக் கேட்டோர் எத்தனை பேர்? ஜார்ஜின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமையாக இருந்தவர் ஹாரி, ஆப்பிரிக்காவில் பிறந்தவர். 1775 நவம்பரில், வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கலகக்காரரின் அடிமைகள் தம் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அவருக்குக் கருணை சுரந்துவிட்டதா? இல்லை, அவரும் ஓர் ஆண்டையே. எதிரியின் பண்ணையைக் குலைக்கும் தந்திரம் அது. ஆயினும் ஹாரி ஓடினார். ஆண்டை விடுதலைக்காகப் படை நடத்துகிறார். அடிமையோ தன் விடுதலைக்காக ஆண்டையின் எதிரியிடம் ஓடுகிறார்! 1783-இல் போர் முடிந்ததும், தப்பியோடியவர்களைத் திருப்பித் தருக என்று வாஷிங்டன் கேட்டார். கொடுத்த வாக்கை மீற முடியாதென்றார் பிரிட்டிஷ் தளபதி கார்ல்டன். நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 கருப்பின மக்களின் பெயர்கள் ஏட்டில் பதிவாயின. ஹாரியின் பெயரும் அதில் உண்டு. இத்தனைக்கும், குடியேறிகளின் படையிலேயே சுமார் 5,000 கருப்பினத்தார் நின்று போராடியிருந்தனர்!

தோற்ற ஏகாதிபத்தியமாவது திருந்தியதா? பிரெஞ்சுத் துணையோடு வாஷிங்டன் முற்றுகையிட, 1781 அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் சரணடைந்தது கார்ன்வாலிசின் படை. அதே கார்ன்வாலிஸ் 1786-இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்திறங்கினார். 1792-இல் திப்புவின் நாட்டில் பாதியைப் பறிகொடுக்கச் செய்தார். தோற்றது படை, ஆதிக்க எண்ணம் இருதரப்பிலும் தோற்கவில்லை.

காலம் அப்படி, அன்றைய மனிதரிடம் இன்றைய நீதியைக் கேட்கலாமா என்று சமாதானம் கூறுவோர் உண்டு. அவர்களுக்கு விடையளிக்க அறிஞர் வேண்டா. எழுதப் படிக்க அறியாத ஓர் அடிமைப் பெண் போதும்! எல்லா மனிதரும் சுதந்திரராய், சமமாய்ப் பிறந்தவர் என்று 1780-இல் மாசசூசெட்ஸ் அரசியல் சட்டம் கூறிற்று. அப்படியானால் நான் எப்படி அடிமை என்று 1781-இல் வழக்குமன்றம் ஏறினார் எலிசபெத் ஃப்ரீமன், வென்றார். வெர்மான்ட் 1777-லேயே தன் அரசியல் சட்டத்தில் அடிமைமுறையை விலக்கியது. பென்சில்வேனியா 1780-இல் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் இயற்றியது. காலத்துக்குக் கண் இருந்தது. இலாபம்தான் அதைப் பொத்தியது!

விளைவு? 1787-இல் வகுத்த அரசியல் சட்டம் ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாகக் கணக்கிட்டது. அவர்களுக்கு வாக்கு வழங்க அன்று, ஆண்டைகளின் மாநிலங்களுக்கு இடங்களைக் கூட்ட! 1860-இல் அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்ட பிறகே அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தது. கருப்பினத்தாரின் வாக்குரிமைக்கு வலுவான சட்டக் காவல் கிடைக்க 1965 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று கட்டாத கடனைப் பேரர்கள் குருதியால் கட்டினார்கள், வட்டியோடு கட்டினார்கள்!

குடியேறிகளின் போரை நாம் இகழவில்லை. 1777-78 குளிர்காலத்தில் வாலி ஃபோர்ஜ் பாசறையில் நோயால் மடிந்த சுமார் 2,000 வீரரை இகழ எவருக்கு நா எழும்? அவர்கள் தொடங்கியது பெரும்பணி. ஆனால் அதைப் பாதியில் நிறுத்தினர் தலைவர்கள். அந்தப் பாதியையே முழுமை என்று பாடமாக்குவதைத்தான் நாம் மறுக்கிறோம். இளைஞர்களே, எந்த நாட்டின் விடுதலை வரலாற்றைப் புரட்டினாலும் வென்ற தளபதியின் சிலையோடு நின்றுவிடாதீர். அவர் பண்ணையில் அன்று ஏர் பிடித்தவன் யார், அவன் விலங்கு என்று அறுந்தது என்று கேளுங்கள். அந்த நாளே அந்நாட்டின் விடுதலை நாள்!