அழிக்கலாமா என்று கணினி கேட்டால்

விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அதனையொட்டி அன்பர் பலர் தத்தம் வீட்டுக் கணினியை விண்டோஸ் 11-க்கு உயர்த்தியிருப்பர். சிலர் இனி உயர்த்த எண்ணியிருப்பர். உயர்த்தியபின், நெடுநாள் பயன்பட்டுவந்த ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தியதும், "பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்னும் வினா திரையில் தோன்றுவதுண்டு. ஆம் என்று அழுத்துமுன் சற்றே நிற்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.

ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு அச்சிறு பெட்டி எளிய பொருளன்று. மறைந்த பாட்டியாரின் குரல், ஊரில் நிகழ்ந்த திருமணங்களின் படங்கள், பூர்வீக நிலப் பத்திரங்களின் படிகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருக்கக் கூடும்.

திரையில் தோன்றும் அவ்வினாவின் பொருள், டிஸ்க் கெட்டுவிட்டது என்பதன்று. அதிலுள்ள கோப்புகளின் அட்டவணையை விண்டோஸால் படிக்க இயலவில்லை என்பதே. நூலகத்தின் அட்டவணை கிழிந்துபோனமையால் நூல்கள் எரிந்துவிட்டன என்று கொள்வோமா? ஃபார்மட் செய்தலோ, வெற்று அட்டவணை ஒன்றை எழுதி, நூல்களிருந்த இடமெல்லாம் காலி என்று அறிவித்தலாகும். எஸ்.எஸ்.டி. வகையாயின், அதன்பின் கோப்புகளை மீட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

ஆகவே காரணத்தை முறையே ஆராய்தல் வேண்டும். முதலாவது கேபிள். வேறு கேபிளையும் வேறு யு.எஸ்.பி. வாயிலையும் பயன்படுத்திப் பார்க்க. இடையில் ஹப் இருப்பின் நீக்கிவிடுக. பின்னர் வேறொரு கணினியில் பொருத்துக. அங்கே கோப்புகள் தெரியுமாயின், வேறெதுவும் செய்யாமல் உடனே அங்கேயே படியெடுத்துக்கொள்க.

இரண்டாவது, எழுத்து. டிஸ்க்கே காணாமற்போனாற்போலத் தோன்றினும், அதற்குரிய டி, இ போன்ற எழுத்து மட்டும் விடுபட்டிருக்கலாம். ஸ்டார்ட் பொத்தானை வலப்புறம் அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மெண்ட் பகுதியில் எழுத்தை மீண்டும் வழங்கலாம். இதனால் கோப்புகளுக்குக் கேடில்லை.

மூன்றாவது, பூட்டு. பிட்லாக்கர் என்னும் காப்பு இயங்கும் கணினிகள், உயர்த்தியபின் சில வேளை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். இது பழுதன்று. முதன்முதலில் கணினியை அமைத்துத் தந்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அச்சாவி பெரும்பாலும் இருக்கும். அவர் வெளியூரில் வேலை பார்க்கும் மகனாகவோ மருமகளாகவோ இருக்கலாம். சாவி அறவே கிடைக்காவிடில் கடைக்காரராலும் திறக்க இயலாது. ஆதலின், உயர்த்துமுன்பே அதனைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துதல் நன்று.

நான்காவது, டிரைவர் என்னும் இயக்கு நிரல். புதியது பொருந்தாவிடில், டிவைஸ் மேனேஜர் பகுதியில் பழையதற்குத் திரும்பலாம். விண்டோஸ் 10-க்கே திரும்ப விரும்பினால், வழக்கமாக 10 நாள்களுக்குள் அதனைச் செய்துவிட வேண்டும்.

இறுதியாக, டிஸ்க்கே தேய்ந்திருத்தல். டக், டக் என்னும் ஒலி எழுமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுக. அதன்பின் ஒவ்வொரு முயற்சியும் சேதத்தை மிகுவிக்கக் கூடும். கோப்புகள் இன்றியமையாதனவாயின், தரவு மீட்பில் பயிற்சியுள்ளவரிடம் ஒப்படைத்தலே தக்கது.

செக் டிஸ்க் என்னும் கட்டளையை உடனே ஏவுமாறு சிலர் அறிவுரை கூறுவர். திருத்தும் குறி சேர்க்காதவரை அது சோதனை மட்டுமே செய்யும். 'எஃப்' குறி சேர்த்தால் அட்டவணையைத் திருத்தி எழுதும். 2020 டிசம்பரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்றை ஏற்ற கணினிகளுள் சிலவற்றில், இக்கட்டளையே கோப்பு முறையைச் சிதைத்ததாகத் தெரியவந்து, அக்குறை பின்னர் நீக்கப்பட்டது. 2018 அக்டோபரில் வெளியான புதுப்பிப்பு ஒன்று சிலருடைய கோப்புகளை அழித்தமையால், மைக்ரோசாஃப்ட் அதன் வெளியீட்டையே நிறுத்திவைத்து, நவம்பரில் மீண்டும் வழங்கியது. மருந்தே நோயாகவும் கூடும் என்பதற்கு இவை சான்று. படியெடுத்தல் முன்னும், திருத்துதல் பின்னும் ஆதல் வேண்டும்.

படி ஒன்றே உடையவர் படியே இல்லாதவர்க்கு ஒப்பாவர். மற்றொரு டிஸ்க்கில் யாவற்றையும் படியெடுத்து, அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் உடன்பிறந்தார் இல்லத்தில் வைத்து வருக. இங்கே திருட்டோ தீயோ நேரினும், பாட்டியாரின் குரல் அவர் வாழ்ந்த ஊரிலேனும் எஞ்சியிருக்கும்.