பத்து வருடத்தை எந்தப் பெட்டியில் கட்டுவது?

வருகிற புதன்கிழமை லொறி வருகிறது. குசினிச் சாமான் கட்டியாயிற்று. பிள்ளைகளின் உடுப்பு கட்டியாயிற்று. அலுமாரிக்கு மேலிருக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றுதான் மிச்சம். அதை நான் கட்டத் தேவையில்லை. 2012 முதல் அது கட்டியபடியேதான் கிடக்கிறது. கொக்கோஸ் தீவில் எங்களை இறக்கியபோது பெயருக்குப் பதிலாகத் தந்த படகு இலக்கத்தில் தொடங்கி, போன மாதம் வந்த கடிதம் வரைக்கும் எல்லாம் அதற்குள். ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரம்.

சிட்னிக்குப் போகிறோம். பரமட்டாவுக்குப் பக்கத்தில், பெண்டில் ஹில்லில், ஒரு வீட்டின் பின்வளவில் கட்டியிருக்கும் இரண்டறை வீட்டுக்கு. கேள்விப்பட்ட சனம் எல்லாம் "நல்லது அக்கா, இனிக் கோயில் கிட்ட, தமிழ்க்கடை கிட்ட" என்கிறது. ஓம், கிட்டத்தான். மேஸ் ஹில் முருகனை வருடத்துக்கு ஒருதரம் கும்பிட்டவள் இனி வெள்ளிக்கு வெள்ளி கும்பிடலாம். ஆனால் நாங்கள் பட்டணத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு வாக்கை நம்பித்தான் பத்து வருடத்துக்கு முன் இந்தச் சின்ன ஊருக்கு வந்தோம். அந்த வாக்கு பொய்த்துப்போனதால் திரும்பிப் போகிறோம். இதைச் சொல்லாமல் இந்த வீட்டுத் திறப்பைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊரின் பெயர் வேண்டாம். நீல மலைகளுக்கு அப்பால், காரில் ஐந்து மணித்தியாலம். ஊருக்கு இருப்பது ஒரே ஒரு இறைச்சி ஆலை; ஊரைச் சொன்னால் ஆலையைச் சொன்னது போலாகிவிடும். ஆலையோடு எனக்குக் கோபமில்லை. சம்பளத்தை நாள் தவறாமல் தந்தது அதுதான்.

எங்கள் படகு வந்தது 2012 ஒக்டோபரில். அந்த வருடம் ஓகஸ்ட் 13ஆம் திகதியில் அரசு ஒரு கோடு கீறியிருந்தது. அதற்கு முதல் வந்தவர்களுக்கு ஒரு சட்டம், பின்னால் வந்தவர்களுக்கு வேறு சட்டம். கடலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த எங்களுக்குத் திகதியைப் பற்றி என்ன தெரியும்? முகாமிலிருந்து வெளியே விட்டபோது கையில் தந்த விசாவில் வேலை செய்யும் அனுமதி இல்லை. பெண்டில் ஹில்லில் ஒரு வீட்டின் முன்னறையில் இரண்டு வருடம் இருந்தோம். கணவர் மேசன் வேலைக்காரர். எதிர்ப்புறம் வீடு எழும்பும், மற்றவன் கல் அடுக்குவான், இவர் யன்னலடியில் நின்று பார்ப்பார். பின்னேரங்களில் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு பரமட்டா ஆற்றங்கரைக்குப் போவேன். அந்தப் பெயர் இந்த மண்ணின் தாருக் சனம் வைத்தது, விலாங்குகள் படுத்திருக்கும் இடம் என்று பொருளாம். கடலில் பிறந்த குட்டி விலாங்குகள் ஆற்றுக்கு ஏறி வருவதற்காக அணைக்கட்டில் படிபோல வழி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

2014 டிசம்பரில் பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் வந்தது. படகில் வந்தவர்களுக்கு நிரந்தர விசா இல்லை. மூன்று வருட விசா ஒன்று, ஐந்து வருட விசா ஒன்று. ஐந்து வருட விசாவை எங்கள் சனம் 'செவ் விசா' என்னும். அது கிடைத்தவர்கள் சிட்னி போன்ற பெருநகரங்களை விட்டு நாட்டுப்புறத்துக்குப் போய், அரசாங்கக் காசு எடுக்காமல், மூன்றரை வருடம் வேலை செய்தாலோ படித்தாலோ வேறு விசாக்களுக்கு விண்ணப்பிக்க வழி திறக்கும் என்றார்கள். நாட்டுப்புறத்துக்கு ஆள் வேண்டும், உங்களுக்கு நாடு வேண்டும், போங்கள் என்றுதான் அது எங்கள் காதில் விழுந்தது. வேலை அனுமதி கிடைத்ததும் 2015இல் புறப்பட்டோம். செவ் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது நாட்டுப்புறத்தில் வேலை செய்யும் எண்ணம் உண்டு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்; அங்கே இருந்துகொண்டே எழுத வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஊரில் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் முட்டைகூட உடைத்ததில்லை. இங்கே முதல் வேலை, மாட்டிறைச்சித் துண்டுகளைப் பிளாஸ்ரிக் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சும் இயந்திரத்துக்குத் தள்ளுவது. வெள்ளை றப்பர்ப் பூட்ஸ், தலைக்கு வலை, காதுக்கு அடைப்பு. உள்ளே போக முதல் கியூ காய்ச்சலுக்கு ஊசி போட்டார்கள். குளிர் எலும்புக்குள் ஏறும். மத்தியானத்துக்குள் விரல்கள் மடங்கினபடி நின்றுவிடும், மற்றக் கையால் ஒவ்வொன்றாய் நிமிர்த்த வேண்டும். வீட்டுக்கு வந்தால் தேசிக்காய்ப் பாதியால் நகத்தடி எல்லாம் உரஞ்சிக் கழுவித்தான் விளக்கேற்றுவேன். அப்போதும் மணம் போகாது. முருகா, இது நான் பிழைப்புக்குச் செய்வது, உனக்குத் தெரியும் என்று சொல்லித் திரியைத் தூண்டுவேன். பத்து வருடம் இப்படித்தான் விளக்கேற்றினேன்.

கணவர் கத்தி பிடித்தார். வலது தோள் போய்விட்டது. இன்றைக்குச் சட்டை போடவும் ஆள் வேண்டும்.

2020இல் கொரோனா வந்து நாடே கதவைச் சாத்தியபோது இறைச்சி ஆலைகள் அத்தியாவசியம் என்று திறந்திருந்தன. நாங்கள் வேலைக்குப் போனோம். வேலையிழந்தவர்களுக்கும் சம்பளம் நின்றவர்களுக்கும் அரசு காசு கொடுத்தது. எங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரருக்கு இல்லை என்றது. ஆறு கிழமை ஆலை பாதி ஓடியது. அந்த ஆறு கிழமையும் எங்கள் வாசலில் யாரோ மரக்கறியும் பாலும் வைத்துவிட்டுப் போனார்கள். யாரென்று இன்றைக்கும் தெரியாது.

இந்த ஊர்ச் சனத்தைக் குறை சொன்னால் என் வாய் அழுகும். முதல் குளிர்காலத்தில் விறகு வாங்கத் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு வண்டி விறகைக் கொட்டி, அடுக்கிற விதத்தையும் காட்டித் தந்தார். பிலோலா ஊர்ச் சனம் பிரியா, நடேசலிங்கம் குடும்பத்துக்காக நின்றதை எல்லாரும் அறிவார்கள். 2018 மார்ச்சில் விடியப்புறம் அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து அள்ளிக்கொண்டு போன குடும்பம். அந்தக் குவீன்ஸ்லாந்துச் சின்ன ஊர் நாலு வருடம் ஓயாமல் கத்தி, 2022 யூனில் அவர்களைத் திருப்பி எடுத்தது. பின்னர் நிரந்தர விசாவும் வந்தது. அந்த நடேசலிங்கமும் இறைச்சி ஆலையில் வேலை செய்தவர்தான். நாட்டுப்புறம் எங்களை ஏற்றுக்கொண்டது. எங்களைக் கணக்கில் எடுக்காதது கன்பராதான்.

எங்கள் செவ் விசா விண்ணப்பம் 2017இல் நிராகரிக்கப்பட்டது. நேர்காணல் நாலு மணித்தியாலம். நாங்கள் விட்டு வந்த ஊரில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனது எந்த மாதம் என்று கேட்டார்கள். மாசி என்றேன். முகாமில் கேட்டபோது பங்குனி என்று சொல்லியிருந்தேனாம். நம்பத்தகுந்தவள் இல்லை என்று எழுதினார்கள். மாசிக்கும் பங்குனிக்கும் இடையில் என் தம்பி மறைந்துபோனான்! மேல்முறையீடு என்ற பெயரில் அடுத்து நடந்தது கடதாசி பார்ப்பது மட்டும். விரைவு முறை என்ற அந்தச் சட்டத்தின்படி எங்களைக் கூப்பிட்டு முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. விசேட காரணமில்லாமல் புதுச் சாட்சியமும் எடுக்கமாட்டார்கள். அதுவும் நிராகரிப்பு. நீதிமன்றம் போனால், சட்டத்தில் பிழை நடந்ததா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். என் தம்பிக்கு என்ன நடந்தது என்று பார்க்க அங்கே இடமில்லை. செவ் விசா கிடைத்த நாளிலிருந்துதான் அந்த மூன்றரை வருடக் கணக்கு ஓடும். எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே நாங்கள் இங்கே உழைத்த பத்து வருடத்தில் ஒரு நாள்கூடக் கணக்கில் இல்லை.

2023 பெப்ரவரியில் ஒரு நாள் எல்லாத் தொலைபேசியும் அடித்தது. தற்காலிக விசாவும் செவ் விசாவும் வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வழி திறக்கிறார்கள் என்ற செய்தி. ஆலையில் எனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. அதற்குக் கிடைத்தது. எனக்கில்லை. விரைவு முறையில் நிராகரிக்கப்பட்ட பல ஆயிரம் பேர் வெளியே விடப்பட்டோம். 2024 ஒக்டோபரில் அந்த மேல்முறையீட்டு அமைப்பையே இல்லாமல் ஆக்கினார்கள். நியாயமில்லாத முறை என்று ஆளும் கட்சியே சொன்ன முறைதானே அது! தராசு பிழையென்று தூக்கி எறிந்தவர்கள், அந்தத் தராசில் நிறுத்த எங்களைத் திரும்ப நிறுத்திப் பார்க்கவில்லை. இதற்கு ஒரு ஆள் எனக்குப் பதில் சொல்லட்டும்.

கேட்காமலும் இல்லை. எங்கள் சனத்தில் ஒருவரான நீல் பரா பலராட்டிலிருந்து ஆயிரம் கிலோமீற்றர் சிட்னிக்கு நடந்தார். 2023இல் அவர் குடும்பத்துக்கு விசா கிடைத்தது. அதே வருடம் எங்கள் பெண்களும் ஈரானியப் பெண்களும் மெல்பேணிலிருந்து கன்பராவுக்கு அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் நடந்தார்கள். காலில் கொப்புளம் வெடித்தவர்களை எனக்குத் தெரியும். 2024 ஓகஸ்டில் மனோ யோகலிங்கம் மெல்பேணில் உயிரை விட்டான். சிறுவனாகப் படகில் வந்தவன், சாகும்போது வயது 23. அன்று இரவு முழுக்க என் மகளின் அறை வாசலிலேயே படுத்திருந்தேன்.

மகளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். தாதியாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆளில்லை என்று ஊரே புலம்புகிறது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பிறகு கட்டண விபரம் வந்தது. அவள் வெளிநாட்டு மாணவியாம், வருடத்துக்கு முப்பதாயிரம் டொலருக்கு மேல் கட்ட வேண்டுமாம். அரசாங்கக் கல்விக் கடனும் இல்லை. சின்ன வயதிலிருந்து இந்த நாட்டுப் பள்ளியில் படித்தவள் எந்த வெளிநாட்டுக்காரி? அந்தக் கடிதத்தை அவள் கிழிக்கவில்லை, அழவுமில்லை. மடித்துக் கொண்டுவந்து கறுப்புப் பெட்டிக்குள் வைத்தாள். பார்த்த எனக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது.

பெப்ரவரியில் அவள் ஆலைக்கு வந்தாள். என் பக்கத்து மேசை. அதே வெள்ளைப் பூட்ஸ், அதே தலை வலை. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் தன் வலக்கை விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாய் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்கே இவரிடம் சொன்னேன், இந்த ஊர் போதும் என்று. சிட்னியில் பகலில் அவள் முதியோர் பராமரிப்பு வகுப்புக்குப் போகலாம், இரவில் நான் கந்தோர்கள் துப்புரவாக்கலாம். பல்கலைக்கழகங்கள் சிலருக்குக் கொடுக்கிற உதவித்தொகைக்கு அங்கே நின்று அலையலாம்.

தம்பிக்காரன் இங்கேதான், 2016இல் பிறந்தான். இந்த நாட்டில் பிறந்து பத்து வயது வரை இங்கேயே வளர்ந்த பிள்ளை சட்டப்படி குடிமகன். வருகிற வருடம் அவனுக்குப் பத்து. ஒரே மேசையில் சாப்பிடுகிற அக்காவும் தம்பியும். அவன் அவுஸ்திரேலியன், அவள் நாடு கடத்தக்கூடியவள். "அக்காவுக்கு எப்ப பத்து வயசு வந்தது?" என்று போன கிழமை கேட்டான். அவனுக்கு என்னத்தைச் சொல்ல?

வீடு தேடிய கதையையும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் சனத்துக்கு. நாலு சனிக்கிழமை பேருந்தில் இரவிரவாய் வந்து வென்ட்வேர்த்வில், துங்காபி எல்லாம் வரிசையில் நின்றோம். ஒரு வீட்டுக்காரர் தமிழர். முதலில் எந்த ஊர் என்றார், பிறகு தங்கச்சி என்றார். "என்ன விசா?" என்றார். சொன்னேன். "ஓ, படகில வந்தனீங்களோ... மனிசியோட கதைச்சிட்டுச் சொல்லுறன்." சொல்லவில்லை. வெள்ளைக்காரர் அப்படிச் செய்திருந்தால் இவ்வளவு நொந்திருக்கமாட்டேன். கடைசியில் வீடு தந்தவ இளைப்பாறிய ரீச்சர் ஒருத்தி. விசா கேட்கவில்லை, பிள்ளைகள் எத்தனை என்றுதான் கேட்டா.

நாங்கள் வீடு மாறுவதானால் குறைந்தது இரண்டு வேலை நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும், அது எங்கள் விசாவின் நிபந்தனை. படிவத்தை நேற்று அனுப்பிவிட்டேன். பின்வளவில் பாதிக் குளிர்காலத்துக்கான விறகு கிடக்கிறது. கிழவர் இப்போது இல்லை, அவர் மகளிடம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பரமட்டாவில், பெண்டில் ஹில்லில், ஹோம்புஷ்ஷில் இருக்கிற தமிழரே, உங்களிடம் குடியுரிமை இருக்கிறது, வாக்கு இருக்கிறது. எங்களிடம் இரண்டும் இல்லை. உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விரைவு முறையில் தள்ளப்பட்டவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வருடமாய் இங்கே உழைக்கிறார்கள், அந்த வருடங்களைக் கணக்கில் எடுங்கள் என்று அந்த ஒரு வரியை மட்டும் எழுதினாலும் போதும்.