குளக்கட்டில் ஏறிய சோமசெற்

கனகராயன்குளத்தில் மலை கிடையாது. கண்டி வீதி என்று நாம் வழமையாகச் சொல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில் வவுனியாவிலிருந்து வடக்கே வருவோர் ஓமந்தையையும் புளியங்குளத்தையும் கடந்து, மாங்குளத்துக்கு முன்னதாகச் சந்திக்கும் ஊர் அது. காடும் வயலும் குளமுமாய்ப் பரந்து கிடக்கும் சமதரை. அந்த ஊரில் ஒரு வாகனம் மூச்சுப்பிடித்து ஏறவேண்டிய உயரம் ஏதும் உண்டென்றால் அது குளக்கட்டுத்தான். பழைய கார்களின் மலையேற்றப் பரீட்சை பற்றி எழுதப் புகுந்தவன், மலையே இல்லாத ஊரில் எதற்காகத் தொடங்குகிறான் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்துக்குச் சென்றிருந்தேன். அங்கே வாழும் என் அக்காவின் மகன் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கி, தன் கையாலேயே திருத்தி வைத்திருந்தான். "மாமா, ஞாயிற்றுக்கிழமை ஒரு மலையேற்றம் இருக்கு. என்னோட வாறியளா?" என்று கேட்டான். வேடிக்கை பார்க்கத்தான் அழைக்கிறான் என்று எண்ணித் தலையாட்டிவிட்டேன். அங்கு போய்ச் சேர்ந்த பிறகே, நானும் ஒரு போட்டியாளன் என்பது தெரிந்தது. பதிவுத் தாளில் சாரதி என்ற இடத்தில் அவன் பெயர். அதற்குக் கீழே, பயணி என்ற இடத்தில் என் பெயர்.

இதனைப் பந்தயம் என்று எண்ணிவிட வேண்டாம். கார்களின் மலையேற்றம் என்றதும் இலங்கையருக்கு நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைதான் நினைவுக்கு வரும். 1934இல் ஆரம்பமான அந்தப் போட்டி வேகத்துக்கானது. குறைந்த நேரத்தில் உச்சியை அடைபவர் வெல்வார். இங்கிலாந்தில் நான் கண்டது வேறு வகை. அங்கே கடிகாரத்துக்குப் பெரிய வேலை இல்லை. சேறும் கல்லும் மரவேரும் நிறைந்த சரிவில் இடையில் நில்லாமல் ஏறவேண்டும். சக்கரம் உருளாமல் நின்றால் தோல்வி. அடிப்படை விதி அவ்வளவுதான். இவ்வகைப் பரீட்சைகளுக்கு அந்த நாட்டில் நூறாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. 1901இல் நிறுவப்பட்ட மோட்டார் சைக்கிளிங் கிளப், 1908இல் தொடக்கிவைத்த 'லாண்ட்ஸ் எண்ட்' பரீட்சைக்கு இன்றும் பழைய கார்களோடு ஆட்கள் போகிறார்கள். என் மருமகன் சேர்ந்திருந்த சங்கம் அத்தனை பெரியதல்ல. ஒரு பண்ணைக்காரரின் நிலம், சரிவில் நட்ட இலக்கப் பலகைகள், மழையங்கியோடு நிற்கும் சில முதியவர்கள். எந்தப் பலகை வரை கார் ஏறுகிறதோ அதுதான் புள்ளி. பரிசுப் பணம் கிடையாது.

எங்கள் முறை வந்தது. பிடிமானம் கூடட்டும் என்று பின் ரயர்களில் காற்றைக் குறைத்தான் மருமகன். "மாமா, நீங்கள் பின் சீற்றில இருந்து, நான் சொல்லேக்க துள்ளவேணும். பின் சக்கரத்துக்குப் பாரம் வேணும்" என்றான். காகிதமும் பேனாவுமாய் வயதைக் கழித்த நான், முன்பின் அறியாத வெள்ளைக்காரர்களின் முன்னிலையில், அந்தச் சின்னக் காருக்குள் இருந்து துள்ளினேன். எட்டாம் பலகை வரை ஏறினோம். பின்பக்கம் வழுக்கி ஒதுங்கியது. கார் நின்றது. ஓர் அம்மையார் சிரித்துக்கொண்டே தாளில் குறித்தார். மருமகனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் வழுக்கிய அந்தக் கணத்தில் என் மனம் கனகராயன்குளத்துக்குப் போய்விட்டிருந்தது.

1996ஆம் ஆண்டு மாரிகாலம். முந்திய ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தபோது புறப்பட்டு, பின்னர் கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். கலைப்பட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பத்திரிகைக்குச் செய்தி எழுதப் பழகிய காலம். கனகராயன்குளத்தில், கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு கொட்டிலில் தங்கியிருந்தோம். ஓர் இரவு அயல் கொட்டிலில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. அடைமழை. வழமையான பாதையில் வெள்ளம். ஊரில் இருந்த வாகனம் ஒன்றே ஒன்று: 1950களில் கப்பலில் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் கார். ஓடியது மண்ணெண்ணெயில். பிரதான வீதிக்குப் போவதற்கு இருந்த ஒரே வழி, குளக்கட்டில் ஏறி அதன் மேலாகச் செல்வது.

கட்டின் அடியில் வைத்துச் சாரதி அண்ணை எங்களிடம் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "இதிலை நிண்டு சூடு ஆறிச்சுதெண்டால் பிறகு ஸ்ராட் வராது. பெற்றோல் ஒரு சொட்டும் இல்லை. நிப்பாட்டாமல் ஏறவேணும். தம்பியவை ரெண்டு பேரும் பின்னாலை ஏறி நிண்டு அமத்துங்கோ."

பின் பம்பரில் ஏறி நின்று, கூரையைப் பற்றிக்கொண்டு, சேறு முகத்தில் அடிக்க அடிக்க நாங்கள் அமத்தினோம். கார் ஒருமுறை குளத்துப் பக்கமாய்ச் சரிந்தது. உள்ளேயிருந்து அந்தத் தாயின் குரல் கேட்டது. பிறகு சக்கரம் எங்கேயோ கல்லைப் பிடித்தது. ஏறிவிட்டோம். விடிவதற்கு முன்னர் வைத்தியசாலையில் பெண் குழந்தை பிறந்தது.

இங்கிலாந்தில் மனமகிழ்வுக்காக வகுத்துக்கொண்ட விதிகள் எல்லாம் அந்த இரவில் எங்களுக்கும் இருந்தன. நில்லாமல் ஏறவேண்டும், பின்னால் பாரம் வேண்டும், சாரதிக்குத் தன் வண்டியின் மூச்சுத் தெரிந்திருக்க வேண்டும். குறிப்பெடுக்கத்தான் ஆளில்லை.

இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் அடங்கின. 2002இல் போர்நிறுத்தம் வந்து தடை தளரும் வரையில், மட்டுப்படுத்தப்பட்ட அளவில் கிடைத்த மண்ணெண்ணெய்தான் வாகனங்களின் உணவு. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. ஆகவே காபுரேற்றரில் சில சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இதற்கும் எல்லாக் கார்களும் இசையவில்லை. பிந்தி வந்த ஜப்பானியக் கார்களின் இயந்திரங்கள் எரிபொருளை அதிகம் அழுத்துபவை. தரங்குறைந்த எரிபொருளைக் கொடுத்தால் தட்டத் தொடங்கிவிடும். சோமசெற் போன்ற பழையவற்றின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான். அதனால் அவை தாங்கின. கழித்துவிட வேண்டிய கிழடுகள் என்று கருதப்பட்ட கார்கள் மணமக்களையும் நோயாளரையும் சடலங்களையும் சுமந்தது இப்படித்தான்.

பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய் வகையில் ஓடும் உழவு இயந்திரங்களை இங்கிலாந்தில் ஃபேர்குசன் நிறுவனமே ஒரு காலத்தில் விற்றது. ஆனால் அவை அதற்கென வடிவமைக்கப்பட்டவை. நம் மெக்கானிக்குகளிடம் வரைபடம் இருக்கவில்லை, உதிரிப்பாகம் இருக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும் என்பதையும், பிளக் கரிபிடிக்கும் என்பதையும், எந்தக் குழாயைப் புகைக்குழாய்க்கு எவ்வளவு அருகே கொண்டுபோனால் சூடு போதுமாக இருக்கும் என்பதையும் அவர்கள் பட்டுத்தான் அறிந்தார்கள்.

இதை வீரகாவியமாக்கவும் நான் விரும்பவில்லை. காரில் எரிந்த மண்ணெண்ணெய் ஏதோ ஒரு வீட்டு விளக்கில் எரியாத மண்ணெண்ணெய். ஜாம் போத்தல் விளக்கின் முன்னால் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளின் தலைமுறை அது. அந்தப் புகை எத்தனை நெஞ்சுகளுக்குள் போயிற்றோ, யாரும் கணக்கெடுக்கவில்லை. தடை என்பது ஒரு கொடுமை. அக்கொடுமைக்குள் பிறந்த கைவினையைப் போற்றுவது வேறு. கொடுமையையே ஏதோ பொற்காலம்போலப் பேசுவது வேறு. நம்மவரில் சிலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அண்மையில் கனகராயன்குளம் போனபோது, அந்தச் சோமசெற்றைப் பராமரித்த மெக்கானிக் ஐயாவைச் சந்தித்தேன். எண்பதை நெருங்கும் வயது. சாரதி அண்ணை இப்போது இல்லை. 1997 மே மாதம் தொடங்கிய 'ஜெயசிக்குறு' இராணுவ நடவடிக்கை அந்த வீதியைப் போர்முனையாக்கியபோது ஊரோடு கிளம்பிய கார், பின்னர் திரும்பி வந்து, 2008இல் மீண்டும் கிளம்பியதாம். அதன்பின் வரவில்லை. போர் முடிந்த பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள், துருவேறிக் குவிந்து கிடந்த வாகனங்களைப் பார்த்திருப்பார்கள். அந்தக் குவியலில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

"தம்பி, அதுகளை ஏன் இப்ப கிளறுறியள்? அப்ப வேறை வழி இல்லை, செய்தம்" என்றார் ஐயா. சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேலாக, மண்ணில் குச்சியால் கீறிக்கீறி முழுவதையும் விளக்கினார். எழுந்து வரும்போது, "இதை இதுவரைக்கும் ஒருத்தரும் என்னட்டை வந்து கேக்கேல்லை" என்றார்.

நான் சொல்லவந்த விடயம் இதுதான். எஞ்சியிருக்கும் பழைய கார்களைத் தேடி இப்போது சேகரிப்பாளர்கள் வடக்குக்கு வருகிறார்கள். நல்ல விலை கொடுக்கிறார்கள். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் வாங்கியதும் முதல் வேலையாக, மண்ணெண்ணெய்க்கென்று பூட்டிய சிறு தாங்கியையும் செப்புக் குழாயையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். காரை அதன் மூலநிலைக்குக் கொண்டுவருகிறார்களாம். பழைய கார் ஆர்வலர்களின் உலகில் மூலநிலை என்றால் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் நிலை. அந்த நிலையில் உள்ள சோமசெற்றை இங்கிலாந்தில் பார்க்கலாம், நியூசிலாந்திலும் பார்க்கலாம். மண்ணெண்ணெய்த் தாங்கி பூட்டிய, குளக்கட்டில் தாயொருத்தியைச் சுமந்து ஏறிய சோமசெற்றை வேறெங்கே பார்ப்பது? நம்மைப் பொறுத்தவரை அந்தக் காரின் மூலநிலை 1953 அல்ல, 1996.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 முதல் தாய்மார் வீதியோரத்தில் போராடிய மண்ணில், காணிப் பிரச்சினையும் வேலையின்மையும் உள்ள மண்ணில், பழைய காருக்கா கவலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பழைய கார் யாருக்கும் சோறு போடாது. ஆயினும், ஒரு சமூகம் தான் பட்டதை மட்டும் பதிவுசெய்து, தான் கற்றதைப் பதியாமல் விட்டால், அதன் வரலாற்றில் அழுகுரல் மாத்திரமே எஞ்சும். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, கொழும்பு நண்பர் ஒருவர் தொலைபேசியில், "நீங்கள் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் எப்படி ஓடினீர்கள்?" என்று கேட்டார். அவருடைய புதிய காரில் முயலவேண்டாம் என்று மட்டும் சொல்ல எனக்குத் தெரிந்தது. மற்றதைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

செய்யக்கூடியவை மிகச் சிறியவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், அதே கண்டி வீதியில்தான் இருக்கிறது. மோட்டார் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கேதான். மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் முதிய மெக்கானிக்குகளைச் சந்தித்து, அவர்கள் செய்த மாற்றங்களை அளந்து வரைந்து வைக்கலாம். காரை விற்பவர்கள், அந்தத் தாங்கியைக் கழற்றாமல் இருக்கும்போதே நான்கு படம் எடுத்து வைக்கலாம். ஓடும் நிலையில் பத்துக் கார் சேர்ந்தால், ஓகஸ்ட் மாதத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வரும் நாட்களில், வன்னியில் ஒரு பரீட்சை நடத்தலாம். வேகப் போட்டி வேண்டாம். குளக்கட்டுக்குச் சேதம் செய்யாமல், பொருத்தமான ஒரு மண்சரிவைத் தேர்ந்தால் போதும். குளிர்ந்த இயந்திரத்தைச் சில சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நில்லாமல் ஏறவேண்டும். நடுவர்களாக அந்த முதியவர்கள் அமரட்டும்.

இவை எதுவும் நடக்காவிட்டாலும், உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கார் ஓட்டியவரோ திருத்தியவரோ இருந்தால், இந்த வாரமே ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் அருகில் அமருங்கள். "அதுகளை ஏன் இப்ப கிளறுறியள்?" என்றுதான் முதலில் சொல்வார். எழுந்துவிட வேண்டாம்.