டிஸ்சார்ஜ் தாளில் விடுபடும் வரி

இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடம் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு சமூக ஆவணமாக வாசிக்க வேண்டும் என்பது இப்பதிவின் கோரிக்கை. உப்பைக் குறைத்தல், பாரம் தூக்காதிருத்தல், எப்போது வண்டி ஓட்டலாம், எப்போது வேலைக்குத் திரும்பலாம் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். தாம்பத்திய உறவை எப்போது, எவ்வாறு தொடரலாம் என்ற வரி இருக்காது. என் உறவினர் ஒருவருக்கு பைபாஸ் நடந்தபோது தரப்பட்ட தாளிலும் அது இல்லை. இந்த மௌனத்தைப் பண்பாடு என்று போற்றுவோரை மறுத்தே எழுதுகிறேன். இது பண்பாடன்று, முடிக்கப்படாத சிகிச்சை.

மருத்துவம் இவ்விடயத்தில் இருளில் நிற்கவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கை தெளிவாகவே பேசுகிறது: திறந்த இதய அறுவைக்குப் பின், மார்பெலும்பு நன்கு கூடியிருப்பின், 6 முதல் 8 வாரங்களில் உறவைத் தொடரலாம். உடல் செலவிடும் ஆற்றல் இரண்டு மாடிப் படிகளை ஏறுவதற்கு ஏறத்தாழ ஒப்பானது. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இன்றி அப்படிகளை ஏற முடிபவர் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. இதயச் செயலிழப்பு, கட்டுப்படாத துடிப்புக் கோளாறு போன்றவை உள்ளவர்கள் முதலில் மருத்துவரின் மதிப்பீட்டைப் பெற வேண்டும். 1970இலேயே ஹெல்லர்ஸ்டீனும் ஃப்ரீட்மனும், மாரடைப்பிலிருந்து மீண்ட நடுவயது ஆண்களின் இதயத்துடிப்பை அளந்தனர்: உறவின் உச்சத்தில் சராசரி நிமிடத்திற்கு 117, அன்றாட வேலைகளின் உச்சத்தில் 120. ஜப்பானில் உவெனோ 1963இல் ஆராய்ந்த 5,559 திடீர் மரணங்களுள் உறவின்போது நேர்ந்தவை 34 மட்டுமே.

இவ்வளவு அறிந்திருந்தும் சொல்லாமல் விடுவதன் விலை என்ன? நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்தையும் சில்டெனாபிலையும் ஒருங்கே உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். சில்டெனாபில் உட்கொண்ட 24 மணி நேரத்திற்குள்ளும், தடாலாபில் உட்கொண்ட 48 மணி நேரத்திற்குள்ளும் நைட்ரேட் கூடாது. மருத்துவரிடம் கேட்கக் கூசுபவர் மருந்துக்கடையில் கேட்பார். அங்கு இந்த எச்சரிக்கை கிடைக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. இன்னொருவர் ஆண்மைக் குறைவுக்கு அஞ்சி, பீட்டா பிளாக்கரை எவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார். மௌனம் இங்கு நேரடியாக உயிரோடு விளையாடுகிறது.

‘நோயாளிகள் கேட்பதில்லை’ என்பது வழக்கமான விடை. உப்பைப் பற்றியும் அவர்கள் கேட்பதில்லை, நாம்தான் சொல்கிறோம். ‘இது இந்தியக் கூச்சம்’ என்போர் 2014இல் லிண்டாவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கட்டும். அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் மாரடைப்புக்கு ஆளான 55 வயதுக்கு உட்பட்டோரில், முதல் மாதத்தில் மருத்துவருடன் இதுபற்றிப் பேசியோர் ஆண்களில் 19 விழுக்காடு, பெண்களில் 12 விழுக்காடு. கூச்சம் நம் தனிச்சொத்து அன்று. பெண்ணின் எண்ணிக்கை மேலும் சரிவதைக் கவனியுங்கள். மார்பெலும்பைப் பிளந்து தைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு வலியும் அச்சமும் விருப்பமும் உண்டு என்பதை, பேசும் சிலரும் மறந்துவிடுகின்றனர்.

பண்பாட்டைக் காவலுக்கு அழைப்போர் எந்தப் பண்பாட்டைச் சொல்கின்றனர்? திருக்குறள் காமத்துக்கு 25 அதிகாரங்களை ஒதுக்கியது. கர்ப்ப ஆட்சியைப் பெரியார் பொதுமேடைப் பொருளாக்கினார். நான் வாழும் இந்தப் புனேயில் பெண்கல்விக்கு உழைத்த மகரிஷி கார்வேயின் மகன் ர. தோ. கார்வே, 1927 முதல் 1953 வரை ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்னும் மராத்தி இதழில் பாலியல் நலத்தை எழுதினார். ஆபாச வழக்குகளைச் சந்தித்தார். 1934இல் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். மௌனமே மரபு என்பது மரபை அறியாதவர் கூற்று.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2003இல் சில்வெஸ்த்ரி குழுவினர் 96 ஆண்களுக்கு அடினோலால் கொடுத்தனர். மருந்து எதுவென்று அறியாதவர்களில் விறைப்புக் குறை சொன்னோர் ஏறத்தாழ 3 விழுக்காடு. பக்கவிளைவையும் அறிந்தவர்களில் 31 விழுக்காடு. ‘பார்த்தீர்களா, பேசினால்தான் கெடுதி’ என்பர். நான் இதிலிருந்து காண்பது வேறு. சொல்லுக்கு உடலை முடக்கும் ஆற்றல் உண்டெனில், அச்சொல்லை அண்டை வீட்டாரிடமும் வாட்ஸ்அப் வதந்தியிடமும் விட்டுவைப்பது எவ்வகை மருத்துவம்? தவறான சொல் புண்படுத்துகிறது என்பது சரியான சொல்லைத் தேடுவதற்கான காரணமே, வாயை மூடுவதற்கானதன்று.

வானவடியில் 1948 முதல் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இப்பகுதியின் பேருந்து நிறுத்தங்களில் வெள்ளை அங்கியோடு நிற்கும் மாணவர்களையும், இப்பதிவை வாசிக்கும் தமிழக மருத்துவ மாணவர்களையும் நோக்கிக் கேட்பது இதுதான். நீங்கள் எழுதப்போகும் டிஸ்சார்ஜ் தாளில் நான்கு வரிகளைச் சேருங்கள்: மார்பெலும்பு கூடும்வரை 6 முதல் 8 வாரம் பொறுங்கள், அதன் பின்னரும் சில காலம் மார்பின்மீது பாரம் விழாத நிலையைத் தேர்ந்துகொள்ளுங்கள், நைட்ரேட்டுடன் அம்மாத்திரைகள் வேண்டா, நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் நிறுத்தி உடனே மருத்துவ உதவி பெறுங்கள். இவற்றை நோயாளியின் மொழியில், துணைவரையும் அமர்த்தி, வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பல மணி நேரம் நின்று இதயத்தைத் தைத்த ஒரு துறை, அந்த ஐந்து நிமிடத்திற்கு நேரமில்லை என்று சொல்ல இயலாது.